கூழாங்கல்லில் புதைந்த நாற்காலி

வீட்டின் பின்புறம் வெறுமனே கிடந்த மண்தரையை, மாலையில் நான்கு பேர் உட்கார்ந்து பேசக்கூடிய முற்றமாக மாற்ற எண்ணியபோது, நான் முதலில் செய்த காரியம் உருண்டையான கூழாங்கற்களை வாங்கி வந்து 4 அங்குல உயரத்துக்கு மண்மேல் நேரடியாகக் கொட்டிப் பரப்பியதுதான். பார்ப்பதற்கு ஆற்றுப்படுகையைப் போல அழகாகவே இருந்தது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் அதன் பின்கால்கள் இரண்டும் கற்களுக்குள் இறங்க, நான் வானத்தைப் பார்த்தபடி சாய்ந்தேன். மழைக்காலம் முடிவதற்குள் கற்களில் பாதி சேற்றுக்குள் போய்விட்டன. எல்லாவற்றையும் அள்ளிக் கழுவி ஒதுக்கிவிட்டு, மறுபடியும் தொடங்கிய வேலையைப் பற்றியது இப்பதிவு.

உருண்டைக் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருளும். உடைத்த சில்லுக் கற்களோ முனைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு காலடியில் இறுகும். எனவே நடக்கும் இடத்துக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் அளவுள்ள உடைத்த சில்லுகளே ஏற்றவை. அவற்றையும் 2 அங்குலத்துக்கு மேல் பரப்பினால் மணலில் நடப்பதைப் போலக் கால் இழுக்கும். ஆனால் எத்தனை நல்ல சரளையாக இருந்தாலும், பின்னால் தள்ளி எழ வேண்டிய நாற்காலிக்கு அது உகந்த தரை அன்று. ஜப்பானில் கியோட்டோ நகரின் ரியோஆன்ஜி கோயிலில் 15 பாறைகளைச் சூழ்ந்து வரிவரியாகச் சீவி விடப்பட்டிருக்கும் சரளையைப் பார்வையாளர்கள் தாழ்வாரத்தில் அமர்ந்துதான் பார்க்கிறார்கள். சரளை கண்ணுக்கும் காலுக்கும் உரியது, உட்காரும் இடம் கல்தளமாக இருக்கட்டும் என்று அதன்பின் முடிவு செய்துகொண்டேன்.

அளவையும் நாற்காலியே தீர்மானித்தது. 3 அடிச் சதுர மேசையைச் சுற்றி நாற்காலியை இழுத்துப் போட்டு எழுவதற்கு நான்கு பக்கமும் 3 அடியாவது வேண்டும். ஆக, 12 அடிக்கு 16 அடி இடத்தின் நடுவில் 10 அடிச் சதுரத்துக்குக் கல் பாவி, மீதி 92 சதுர அடியைச் சரளைக்கு விட்டேன்.

வேலையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நடக்கிறது. 7 அங்குலம் தோண்டி, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, சுவரிலிருந்து வெளிநோக்கி 4 அடிக்கு 1 அங்குலம் என்ற கணக்கில் நூல் கட்டி, நீர் வடிய வாட்டம் (சரிவு) கொடுத்தோம். வாட்டம் பிசகினால் மழைநீர் வீட்டு அஸ்திவாரத்தை நோக்கி வரும் என்பதால், இந்த ஒன்றில் மட்டும் நான் மேஸ்திரியைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தேன். மண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையே நீர் இறங்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்தோம். கல் சேற்றுக்குள் போகாமல் காப்பது இதுதான். களையை இது முழுவதும் தடுக்கும் என்று நம்ப வேண்டாம், ஏனெனில் காற்றில் வரும் விதைகள் சரளையின் மேலே படியும் தூசியிலேயே முளைத்துவிடுகின்றன. துணியின்மேல் தூளும் ஜல்லியும் கலந்த அடித்தளம் 4 அங்குலம். அதை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். (பொருள் வாங்கப் போகும்போது ‘கிராவல்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பள்ளம் நிரப்பும் செம்மண் வந்து இறங்கும்.)

அடித்தளத்தின்மேல் 1 அங்குலம் கல்தூள், அதன்மேல் 2 அங்குலக் கனமுள்ள கற்பலகைகள். பெரிய கற்களை ஓரங்களில் வைத்தோம். ஓரத்தில் சிறிய கல் இருந்தால் மிதிக்க மிதிக்க ஆடத் தொடங்கும். பதித்த ஒவ்வொரு கல்லையும் மரச்சுத்தியால் தட்டிப் பார்த்து, பொள்ளலான ஓசை வந்தால் பெயர்த்தெடுத்து அடியில் தூள் நிரப்பினோம். பளபளப்பாக மெருகேற்றிய கல்லைக் கடையில் பார்க்கும்போது ஆசையாக இருக்கும், ஆனால் நனைந்தால் வழுக்கும். எனவே சொரசொரப்பாகக் கொத்திய கல்லையே தேர்ந்தெடுத்தேன்.

சரளையைக் கல்தளத்தைவிட அரை அங்குலம் தாழ்த்தி ஒன்றரை அங்குலமாகப் பரப்பினோம். சுமார் 12 கன அடி பிடித்தது. இந்தத் தாழ்வும் வெளி ஓரத்தில் நட்ட விளிம்புக்கற்களும் இல்லையென்றால் சில்லுகள் கல்தளத்தில் ஏறிச் செருப்புக்கு அடியில் நெரியும்.

நிறத்தில் ஒருமுறை தடுமாறினேன். வெள்ளைச் சில்லுகள் நண்பகல் வெயிலில் கண்ணைக் கூசச் செய்கின்றன. கறுப்புச் சில்லுகளோ சூடேறி வெறுங்காலைச் சுடுகின்றன. சாம்பலும் பழுப்பும் கலந்தவை இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. மரநிழல் எல்லாவற்றுக்கும் தீர்வுதான், உதிரும் இலைகளைச் சரளையிலிருந்து பொறுக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால்.

இத்தனைக்குப் பிறகும் முற்றம் ஏனோ காலியாகவே கிடந்தது. முதுகுக்குப் பின்னால் வெட்டவெளி இருந்தால் யாருக்கும் நிம்மதியாக உட்காரத் தோன்றாது என்பது மெதுவாகத்தான் புரிந்தது. ஒரு பக்கத்தில் 18 அங்குல உயரத்துக்குக் குட்டைச்சுவர் எழுப்பி, அதன் பின்னே இடுப்பளவுச் செடிகளை நட்டபின், வருகிறவர்கள் நாற்காலிகளை விட்டுவிட்டு அந்தச் சுவரில்தான் முதலில் அமர்கிறார்கள். சரளையில் காலடி ஓசை கேட்பதால், யார் வருகிறார் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது.

ஒதுக்கி வைத்த கூழாங்கற்கள் வீணாகவில்லை. கூரையிலிருந்து மழைநீர் சொட்டும் சுவரோரத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு அவற்றைப் பரப்பிவிட்டேன். சேறு தெறித்துச் சுவரில் படிவது நின்றுவிட்டது. அங்கே நாற்காலி போட இடமும் இல்லை.