கடலுக்குப் போகிற அப்பா

கல்லடியில் தரம் 9 பிள்ளைகளின் இங்கிலிஸ் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மகள் எழுதியிருந்தாள்: 'மை ஃபாதர் கோஸ் டு த சீ எவ்ரி நைட்.' அவளுடைய அப்பா மீன்பிடிக்கிறவர். வசனத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கடற்கரையில் காற்று வாங்கப் போகிறவருக்கும் அதே வசனம் பொருந்தும். தொழிலுக்காகக் கடலில் இறங்குகிறவர் என்றால் 'த' (the) இல்லாமல் 'கோஸ் டு சீ'.

"ஒரு சொல்லை எடுத்தால் கருத்து மாறுமா சேர்?" என்று கேட்டாள். எனக்குச் சரியான சந்தோசம். சீ, ஸ்கூல், ஹொஸ்பிட்டல் போன்ற சில சொற்களில், இடத்தை மட்டும் சொன்னால் 'த' வரும். அந்த இடம் எதற்காக இருக்கிறதோ அதற்கே போனால் 'த' விழுந்துவிடும். படிக்கப் போகும் பிள்ளை 'டு ஸ்கூல்', ரிப்போட் எடுக்கப் போகும் அம்மா 'டு த ஸ்கூல்'. வாட்டில் கிடக்கும் நோயாளி 'இன் ஹொஸ்பிட்டல்'. இது நாம் படிக்கும் பிரித்தானிய வழக்கு. அமெரிக்கர் அங்கேயும் 'த' போடுவார்கள்.

பெயர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. மட்டக்களப்புக்கு 'த' வேண்டாம், 'பே ஒஃப் பெங்கால்' என்றால் கட்டாயம் வேண்டும்.

தமிழில் 'த'வுக்கு நேர்ச்சொல் இல்லை. பிள்ளைகள் தடுமாறத்தான் செய்வார்கள், தயவுசெய்து அதற்காக ஏசாதீர்கள். அவளுடைய வசனத்தை நான் சிவப்பில் வெட்டவில்லை. 'த'வைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் மட்டும் போட்டேன்.