எருமை இல்லாத எமன்

1987ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிளஸ் டூ மாணவர்களாயிருந்த எங்கள் நால்வரை எங்கள் தமிழையா அண்ணா சாலையிலுள்ள ஃபிலிம் சேம்பர் அரங்குக்கு அழைத்துச் சென்றார். திரைப்படச் சங்கம் ஒன்றின் மதியத் திரையிடல் அது. ஐயா முன்னுரை எதுவும் வழங்கவில்லை. "எமன் வருவான், எருமை வராது" என்று மட்டும் சொன்னார்.

சுவீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மனின் 1957ஆம் ஆண்டுப் படமான 'ஏழாவது முத்திரை'யைத்தான் அன்று பார்த்தோம். சிலுவைப்போரிலிருந்து, கொள்ளைநோய் பரவிக்கிடக்கும் தாய்நாட்டுக்குத் திரும்பும் வீரன் ஒருவன், தன்னைக் கொண்டுபோக வந்த மரணத்தைச் சதுரங்கம் ஆட அழைத்து, ஆட்டம் முடியும்வரை தவணை பெறுகிறான். சாவித்திரி கதை கேட்டு வளர்ந்த எங்களுக்கு எமனோடு பேரம் பேசுவது புதிதல்ல. ஆனால் சாவித்திரிக்கு வரம் கிடைத்தது; கடவுள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கும் இவனுக்குத் தவணை மட்டுமே கிடைத்தது.

கன்னர் ஃபிஷரின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் கற்கள் நிறைந்த கடற்கரையும், கரிய அங்கிக்குள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்த முகமும் வந்து நின்றபோது, மெரினாவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவனாயினும், கடல் இவ்வளவு கடுமையாக இருக்கக்கூடும் என்று அன்றுதான் கண்டேன். இத்தனையும் 35 நாட்களில் எடுக்கப்பட்டதாம். இன்றும் எனக்கு நம்ப முடியவில்லை. இடையே ஒரு நடிகன் ஏறிய மரத்தை மரணமே ரம்பத்தால் அறுக்கும் காட்சிக்கு அரங்கமே சிரித்தது.

அந்த ஆண்டு தை மாதத்தில்தான் என் அப்பா காலமாகியிருந்தார். பெரியவர்கள் சொன்ன சடங்குகளையெல்லாம் செய்தேனே தவிர, நான் அழவில்லை. இந்தப் படத்திலும் மரணத்தைக் கண்டு அழவில்லை. கூத்தாடித் தம்பதி, வீரனைப் புல்வெளியில் உட்காரவைத்து, காட்டு ஸ்டிராபெரிப் பழமும் ஒரு கிண்ணம் பாலும் கொடுக்கிறார்கள். இந்த நேரத்தை மறக்க மாட்டேன் என்று அவன் கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்துகிறான். மார்கழி மாலையொன்றில் மொட்டை மாடியில் அப்பா வேர்க்கடலையை உரித்து உரித்து என் உள்ளங்கையில் போட்டது அப்போது நினைவுக்கு வந்தது. இருட்டு என்பதால் ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஐயா தம் கைக்குட்டையைப் பேசாமல் என் மடியில் வைத்தார். பிறகு அவ்வீரன் சதுரங்கக் காய்களைத் தெரியாமல் தட்டிவிட்டவன்போல் கவிழ்த்து, மரணத்தின் கவனம் பலகையில் இருக்கையில் அக்குடும்பத்தைத் தப்பவிடும்போது, நான் ஏறக்குறைய எழுந்தே நின்றுவிட்டேன்.

இறுதியில், குன்றின் விளிம்பில், ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி இறந்தவர்கள் நிழலுருவங்களாக ஆடிச் செல்ல, மரணம் அவர்களை இழுத்துப் போகிறது.

வெளியே வந்து மயிலாப்பூர் நோக்கி நடந்தோம். ராயப்பேட்டை மணிக்கூண்டருகே சாவு மேளம் கேட்டது; கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்குப் போகும் பூப்பாடை. இத்தகைய ஊர்வலம் எதிர்ப்பட்டால் அம்மா என்னைச் சந்துக்குள் இழுத்துக்கொள்வது வழக்கமாதலால், அதுவரை நான் எதையும் நின்று பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். இறந்தவரின் மகன்போல் தோன்றிய ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, பறையின் அடி ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடிக்கொண்டிருந்தார். சாமந்தி இதழ்கள் எங்கள் மேலும் விழுந்தன. "இதுக்கு டிக்கெட் கிடையாதுப்பா" என்றார் ஐயா.

பல ஆண்டுகளுக்குப் பின் மெல்பர்னில் இருந்தபடி அந்தப் படத்தைப் பற்றிப் படிக்கையில், அக்கடைசி ஆட்டம் திட்டமிட்டு எடுக்கப்பட்டதல்ல என்று அறிந்தேன். அன்றைய வேலை முடிந்து நடிகர்கள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். வானில் அருமையான மேகமொன்று திரண்டது. உதவியாளர்களுக்கும் மின்பணியாளர்களுக்கும், என்ன நடக்கிறதென்றே தெரியாத இரண்டு சுற்றுலாப் பயணிகளுக்கும் உடையை மாட்டி ஆடவைத்துவிட்டார் பெர்க்மன். பணி ஓய்வு பெற்றிருந்த ஐயாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"வேடிக்கை பார்க்க நின்னவங்களையா?" என்று நெடுநேரம் சிரித்தார். "அப்போ மணிக்கூண்டுகிட்ட நின்ன நம்ம அஞ்சு பேரையும் சேர்த்துக்க வேண்டியதுதான்."