கயாக் அடியில ஓட்டை, ரெண்டாந்தரம் ஒட்டினது

போன மாசம் போட்ட ஒட்டு விட்டுட்டுது. திருகோணமலை டச்சுக்குடாப் பக்கம் கல்லில உரசி வெடிச்ச என்ர ஃபைபர் கயாக்குக்கு மேலால ரெண்டு துண்டு மட் (கண்ணாடிநார் விரிப்பு) வைச்சு ரெசின் பசை பூசினனான், பாக்க வடிவாத்தான் இருந்தது, நாலாந்தரம் இறக்கேக்க சீற்றுக்குக் கீழ தண்ணி. கரைக்கு இழுத்து நகத்தால நெம்பினன், முழு ஒட்டும் அப்பளம் மாதிரிக் கையோட வந்திட்டுது, உள்ளுக்கு நாரெல்லாம் ஈரம்.

திருக்கடலூரில ஃபைபர் போட் திருத்திற அண்ணன் ஒராளிட்டக் காட்டினன். அவர் வெடிப்பைப் பாக்கவேயில்லை, அஞ்சு ரூபாக் குத்தியை எடுத்து அதைச் சுத்தித் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடத்தில 'டிக் டிக்' எண்டு இறுக்கமாக் கேக்குது, கொஞ்சம் இஞ்சால வர 'பொத்' எண்டுது. "தம்பி, நீ கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும் ஒட்டியிருக்கிறாய், உள்ளுக்கு மட் பிரிஞ்சது இவ்வளவு" எண்டு பென்சிலால வட்டம் போட்டார். வெடிப்பு ரெண்டு அங்குலம், வட்டம் என்ர உள்ளங்கையை விடப் பெரிசு.

அந்த வட்டம் முழுக்க வெட்டி எடுக்க மனம் வரேல்லத்தான், ஆனா எடுத்தன். பிறகு ஓரத்தைச் சரிச்சுத் தேய்க்கிறது, இதுதான் முழு வேலையும். அடித்தடிப்பு 3 மி.மீ., அதைப் போல 12 மடங்கு சரிவு வேணும், அப்ப 36 மி.மீ., சுத்திவர ஒண்டரை அங்குலத்துக்குக் கிட்ட. காஞ்ச பழைய ஃபைபரோட புது ரெசின் கலந்து ஒண்டாகாது, சொரசொரப்பைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கும், அதால பிடிக்கிற இடம் அகலமா இருக்கோணும். நான் முதல்ல ஜெல்கோட் எண்ட மினுங்கிற வெளிப்பூச்சுக்கு மேலயே ஒட்டினது, அது எப்பிடி நிக்கும்.

நல்ல தண்ணியில அஞ்சாறு தரம் கழுவி உப்பெடுத்து, எட்டு நாள் கச்சான் காத்தில கவிட்டு வைச்சன். கச்சானை எல்லாரும் ஏசுவினம், காயவைக்க அதை மாதிரி ஒண்டுமில்லை. ரெசின் பூசிற அண்டைக்கு மட்டும் மணலைக் கொண்டுவந்து போடும், அதால காத்து விழுந்த பிறகு பின்னேரம் அஞ்சு மணிக்குத்தான் தொடங்கினது.

உள்பக்கத்தால மெழுகு பூசின ஃபோர்மிகாத் துண்டை டேப்பால ஒட்டி, வெளியால சதுர மீற்றருக்கு 450 கிராம் வாற மட் மூண்டு அடுக்கு, ஒரு அடுக்கு 1 மி.மீ. கிட்ட வரும். மட்டைக் கத்தரிக்கோலால வெட்டாமல் கையால கிழிச்சா ஓரத்து நார் பிஞ்சு பிஞ்சு நிண்டு மேடு தெரியாமல் படியும். 200 கிராம் ரெசினுக்கு அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் 3 கிராம் சிரிஞ்சால அளந்து விட்டன், எங்கட வெக்கைக்கு அதுவே கூட எண்டுதான் நினைக்கிறன், கோப்பையில மிஞ்சினது கொஞ்ச நேரத்திலயே கையில பிடிக்கேலாமல் சுட்டுது. ரெசினைக் கெதியா இறுக வைக்கிற கோபால்ட்டைத் தனியா வாங்கிற ஆக்கள் கவனம், அதையும் ஹார்ட்னரையும் நேராக் கலக்கவே கூடாது, வெடிக்கும், ஒண்டை ரெசினில நல்லாக் கலக்கின பிறகுதான் மற்றது.

பிரஷ்ஷை இழுக்காமல் குத்திக் குத்தி ஊறவைச்சன். வெள்ளையா இருந்த மட் மெல்ல மெல்லக் கண்ணாடி மாதிரித் தெளியும், எங்க வெள்ளைப் புள்ளி மிஞ்சுதோ அங்க காத்து நிக்குது. ரோலரால ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி ஒரு புள்ளி கூட விடாமல் எடுத்தன், முதுகு விட்டுப்போச்சு.

அடுத்த நாள் தேய்ச்சு ஜெல்கோட். காத்துப் பட்டா அதுக்கு மேல்பக்கம் பிசுபிசுப்புப் போகாது எண்டதால மேலால பிளாஸ்டிக் ஷீற் ஒண்டை இழுத்து ஒட்டிவிட்டன். பிறகு 220, 400, 600 நம்பர் தேய்க்கிற தாள் எண்டு தண்ணி விட்டுத் தேய்ச்சது.

ஞாயிறு காலமை உட்துறைமுகத்தில ஒண்டரை மணித்தியாலம் துடுப்பு வலிச்சன். கரைக்கு வந்ததும் சீற்றைக் கழட்டிக் கையை விட்டுத் தடவினன், காய்ஞ்சு கிடக்குது. குத்தியால தட்டினன், எல்லா இடமும் 'டிக்'. பின்பக்கம் இன்னொரு மயிர்வெடிப்பு இருக்கு, வாடைக்காத்து தொடங்க முன்னம் அதையும் திறக்கோணும்.