லபுஷேன்ங்கிற பேர் எங்கேருந்து வந்துச்சு?

மார்னஸ் லபுஷேனை கிரிக்கெட் பாக்குற எல்லாருக்கும் தெரியும், 2019 ஆஷஸ்ல லார்ட்ஸ் டெஸ்ட்ல ஸ்மித்துக்கு அடிபட்டதும் கன்கஷன் சப்ஸ்டிடியூட்டா, அதாவது தலையில அடிபட்டவருக்குப் பதிலா ஆடுற ஆளா இறங்குனாரே, டெஸ்ட் வரலாற்றுலயே அந்த மாதிரி இறங்குன முதல் ஆள் அவர்தான். எனக்கு அவரோட பேட்டிங்கைவிட அந்த பேர் மேலதான் ரொம்ப நாளா ஒரு கண்ணு. லபுஷேன்னு சொல்றது ஆஸ்திரேலியாக்காரங்க வழக்கம், அவர் பொறந்த தென்னாப்பிரிக்காவுல அது லாபுஸ்காஹ்னி, நடுவுல தொண்டையிலேருந்து காறுற மாதிரி ஒரு ஹ் வரும். அதுவும் மூலம் கிடையாது. மூலம் பிரெஞ்சு, அங்க ஜி எழுத்தும் என் எழுத்தும் சேர்ந்து வந்தா நம்ம ஞ மாதிரி ஒலிக்கும், அந்த ஞ டச்சுக்காரங்க வாயில மாட்டி ஹ்ன ஆயிடுச்சு. எஸ், சி-க்கு அப்புறம் ஒரு எச் ஒட்டிக்கிட்டதும் டச்சு எழுத்துமுறையோட வேலைதான்.

இந்த பேர் எப்படி ஆப்பிரிக்காவோட தென்கோடிக்கு போச்சுன்னா, 1598-ல நான்ட் சாசனம்னு ஒண்ணு பிரான்ஸ்ல புராட்டஸ்டன்ட்டுகளுக்கு வழிபட உரிமை கொடுத்திருந்துச்சு, 1685-ல பதினாலாம் லூயி அதை ரத்து பண்ணிட்டார். ஹ்யூகனாட்டுகள்னு சொல்ற அந்த ஜனங்க லட்சக்கணக்குல நாட்டை விட்டு ஓடுனாங்க. ஹாலந்துக்கு போனவங்கள்ல ஒரு சின்ன கூட்டத்தை, சுமார் 200 பேர்தான், டச்சு கிழக்கிந்திய கம்பெனி கப்பல் ஏத்தி கேப்புக்கு, அதாவது ஆப்பிரிக்காவோட தென்கோடியில இருந்த அவங்க குடியேற்றத்துக்கு அனுப்புச்சு, பெரும்பாலும் 1688, 89-ல. நம்ம சிஎஸ்கேவுக்கு ஆடுன டூப்ளெசியோட பேர் அப்படி வந்ததுதான், ழான் ப்ரியர் டு ப்ளெசின்னு ஒரு வைத்தியர், ஓஸ்டர்லாண்ட்ங்கிற கப்பல்ல 1688-ல வந்திறங்கினவர். டிவில்லியர்ஸ்ங்கிற பேர் லா ரோஷெல் பக்கத்துலேருந்து 1689-ல வந்த மூணு அண்ணன் தம்பிங்களோடது. லாபுஸ்காஹ்னி குடும்பம் கொஞ்சம் பின்னாடி, 18ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல வந்து சேர்ந்துச்சு.

கம்பெனிக்கு இவங்க தனியா ஒரு பிரெஞ்சு கூட்டமா இருக்கிறதுல இஷ்டமே இல்ல. நிலம் கொடுத்தப்பவே டச்சு விவசாயிங்களுக்கு நடுவுல கலந்துதான் கொடுத்தாங்க, பள்ளிக்கூடம் டச்சுல, கொஞ்ச வருஷத்துல சர்ச்சும் டச்சுக்கு மாறிடுச்சு. 1780கள்ல பறவைகளைத் தேடி அந்தப் பக்கம் சுத்துன லெ வையான்ங்கிற பிரெஞ்சுக்காரர் அங்க பிரெஞ்சு புரிஞ்ச ஒரே ஒரு கிழவரைத்தான் பாத்ததா எழுதியிருக்கார், நூறு வருஷத்துக்குள்ள ஒரு மொழியே காலி, மிஞ்சுனது திராட்சைத் தோட்டங்களோட பேரும் ஆளுங்களோட பேரும்தான். எனக்கு இதைப் படிச்சப்ப நிஜமாவே மனசு கஷ்டமா இருந்துச்சு. பேரும் முழுசா தப்பிக்கல, எழுதுற கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படித்தான் பதிவாச்சு, க்ரோனியே க்ரோன்யே ஆச்சு, வில்லியோன் ஃபில்யூன் ஆச்சு. ஒரே குடும்பத்துக்கு நாலஞ்சு ஸ்பெல்லிங் இருக்கும், வம்சாவளி தேடுறவங்க ஒண்ணை மட்டும் வச்சு தேடுனா பாதி ஆளுங்க கிடைக்கவே மாட்டாங்க.

இன்னைக்கு லாபுஸ்காஹ்னின்னு பேர் இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க இருக்கிறது தென்னாப்பிரிக்காவுலதான், பிரான்ஸ்ல அது அபூர்வம். காரணம் பெருசா ஒண்ணும் இல்ல, வந்தது கொஞ்சம் பேர், நிலம் நிறைய, வீட்டுக்கு எட்டு பத்து புள்ளைங்க, அதனால ஒரு ஆளோட பேரே சில தலைமுறையில ஆயிரக்கணக்கான பேருக்கு ஆயிடும்.

ஆனா அந்த நிலம் அங்கேயே பூர்வீகமா இருந்த கோய்கோய் ஜனங்களோடது, திராட்சைத் தோட்டத்துல வேலை செஞ்சவங்க அடிமைங்க, அவங்கள்ல நிறைய பேர் இந்தியாவுலேருந்தும் இந்தோனேசியத் தீவுகள்லேருந்தும் மடகாஸ்கர்லேருந்தும் பிடிச்சுட்டு வரப்பட்டவங்க. வெள்ளைக்காரங்களோட வம்ச புத்தகங்கள்ல இவங்களுக்கு இடம் ரொம்ப கம்மி. ஆனா பேர் அவங்க வம்சத்துக்கும் போயிருக்கு, ரத்த உறவாலயும் போயிருக்கு, முதலாளி பேரை வச்சுக்கிட்டதாலயும் போயிருக்கு. கேப்ல கலர்ட்னு சொல்ற கலப்பு வம்சாவளி சமூகத்துல டிவில்லியர்ஸ், ஜூபேர், ஜோர்டான் எல்லாம் சகஜமான பேர், 2010 ஃபுட்பால் உலகக் கோப்பை ஏற்பாட்டுக் குழுவை நடத்துன டேனி ஜோர்டான் அந்த சமூகத்துக்காரர்தான்.