வெட்டு நிரப்பு: எண்ணுக்கு முன் சர்ஃபேஸைப் பாருங்கள்

மண் வேலைக்கு மென்பொருளில் அளவு எடுக்கும்போது எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெட்டி எடுக்க வேண்டிய மண் (வெட்டு) இவ்வளவு, கொட்டி உயர்த்த வேண்டிய மண் (நிரப்பு) இவ்வளவு என்று தசமப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கத்தோடு திரையில் வந்து நின்றாலும் அதை உடனே அறிக்கையில் ஏற்ற மாட்டேன். கூட்டிக் கழிப்பதில் மென்பொருள் பெரும்பாலும் தவறுவதில்லை. நாம் கொடுத்த இரண்டு சர்ஃபேஸில், அதாவது லெவல் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்த தரை வடிவங்களில், ஒன்று சரியில்லை என்றாலும் அதே இரண்டு இலக்கச் சுத்தத்தோடு ஒரு விடையைக் கொடுத்துவிடும், பிரச்சினை அங்கேதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. சிவில் 3டி என்ற மென்பொருளில், இரண்டு சர்ஃபேஸின் வித்தியாசத்தைக் காட்டும் வால்யூம் சர்ஃபேஸை உருவாக்கும்போது இருக்கிற தரையை பேஸ் என்றும் வேலை முடிந்து வர வேண்டிய டிசைனை கம்பாரிசன் என்றும் கொடுப்போம். இரண்டிலும் உள்ள எல்லாப் புள்ளிகளையும், இரண்டின் முக்கோணக் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களையும் சேர்த்து அது புதிதாக முக்கோணங்கள் போடுகிறது. ஒவ்வொரு மூலையிலும் டிசைன் லெவலிலிருந்து (உயரத்திலிருந்து) தரை லெவலைக் கழிக்கிறது. நேர்மறை வந்தால் நிரப்பு, எதிர்மறை வந்தால் வெட்டு. முக்கோணத்தின் தரைப் பரப்பை மூன்று மூலை வித்தியாசங்களின் சராசரியால் பெருக்கினால் கன அளவு, அவ்வளவுதான்.

உதாரணமாக 50 சதுர மீட்டர் முக்கோணம், மூலைகளில் +0.6, +0.3, −0.3 மீட்டர். சராசரி 0.2, ஆக நிகர நிரப்பு 10 கன மீட்டர். ஆனால் ஒரு மூலை வெட்டில் இருப்பதால் நடுவே வித்தியாசம் பூஜ்யமாகும் கோடு ஒன்று ஓடும். அது ஒரு பக்கத்தை மூன்றில் ஒரு பங்கிலும் இன்னொன்றைப் பாதியிலும் வெட்டுவதால், வெட்டுப் பகுதியின் பரப்பு 50-இல் ஆறில் ஒரு பங்கு, அதாவது 8.33. அங்கே சராசரி ஆழம் 0.1. ஆக வெட்டு 0.83, நிரப்பு 10.83. நிகரத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த 0.83 கண்ணிலேயே படாது. இதையே ஒரு முழு மனைக்கு நீட்டிப் பாருங்கள், 5,000 வெட்டும் 5,000 நிரப்பும் உள்ள வேலையில் நிகரம் பூஜ்யம். மிஷினுக்கும் லாரிக்கும் அங்கே வேலையே இல்லை என்றா அர்த்தம்? அதனால் வெட்டையும் நிரப்பையும் எப்போதும் தனித்தனியாகவே எழுதுகிறேன், நிகரம் கடைசி வரியில் வந்தால் போதும்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவது. லெவலில் வரும் தவறு இரண்டு வகை. ஒரு புள்ளி 3 சென்டிமீட்டர் கூட, அடுத்தது 3 குறைய என்று சிதறினால் பெரும்பாலும் தானாகவே அடிபட்டுப் போகும். எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் எதுவும் அடிபடாது. ஒரு ஹெக்டேர் இடத்தில் 5 சென்டிமீட்டர் நகர்வு என்றால் 10,000 பெருக்கல் 0.05, ஐந்நூறு கன மீட்டர். கருவியில் கம்பத்தின் உயரம் தவறாகப் பதிவானால் இப்படி வரும், இரண்டு சர்வேக்கு வெவ்வேறு பெஞ்ச்மார்க் (உயரத்துக்கு ஆதாரமான குறிப்புப் புள்ளி) எடுத்திருந்தால் வரும், டிரோன் தரைக்குப் பதிலாகப் புல்லின் தலையை அளந்திருந்தாலும் வரும். இதைப் பிடிக்கச் சுலபமான வழி, வேலையே நடக்காத ஒரு இடத்தை, பழைய தார்ச்சாலையோ கான்கிரீட் தளமோ, இரண்டு சர்வேயிலும் சேர்த்து அளந்து வைப்பது. இரண்டுக்கும் இடையே அங்கே வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். அங்கேயே 4, 5 சென்டிமீட்டர் காட்டினால் மற்ற இடத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை, முதலில் லெவலைச் சரி செய்ய வேண்டும்.

அப்புறம் பிரேக்லைன், அதாவது கரை, அடி போலச் சாய்வு மாறும் இடத்துப் புள்ளிகளை இணைக்கும் கோடு. அடி அகலம் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர், இரு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று சாய்வுள்ள வாய்க்காலின் குறுக்குப் பரப்பு 2 சதுர மீட்டர், நூறு மீட்டர் நீளத்துக்கு 200 கன மீட்டர். கரையிலும் அடியிலும் ஒழுங்காகப் புள்ளி எடுத்திருந்தாலும், கோடாக இணைக்காவிட்டால் முக்கோணங்கள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தாவி அங்கங்கே வாய்க்காலை மூடிவிடும். ஓரங்களிலும் இதே கதைதான், சர்வே எடுக்காத வெளியிடத்தில் நீளமான மெல்லிய முக்கோணங்கள் விரிந்து, இல்லாத மண்ணுக்கெல்லாம் கணக்குச் சொல்லும். பவுண்டரி, அதாவது கணக்குக்கான எல்லைக்கோடு, போடாமல் அளவு எடுக்கவே கூடாது. கட்டம் கட்டமாகக் கணக்கிடும் கிரிட் முறையில் கட்டம் 5 மீட்டர் என்றால் இந்த வாய்க்கால் ஒழுங்காகச் சிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

குறுக்குவெட்டுகளின் சராசரிப் பரப்பை வைத்துக் கணக்கிடும் பழைய முறையோடு ஒப்பிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. 20 மீட்டர் தூரத்தில் பரப்பு 12 சதுர மீட்டரிலிருந்து கூம்பி ஒரு புள்ளியில் முடிந்தால் அந்த முறை 120 கன மீட்டர் சொல்லும், உண்மையில் அது 80தான்.

சர்ஃபேஸ் சரியாக இருந்தாலும் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது இருக்கிறது. டிசைன் சர்ஃபேஸ் பெரும்பாலும் முடிந்த தளத்தின் லெவல். சாலை அடுக்குகளின் மொத்தத் தடிமன் 0.5 மீட்டர் என்றால் அதைக் கழித்த அடிமட்டத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மேல்மண்ணை 15 சென்டிமீட்டர் வழித்து எடுப்பதாக இருந்தால் தரைச் சர்ஃபேஸையும் அவ்வளவு இறக்க வேண்டும், நிரப்பு கூடும், வழித்த மண்ணோ நிரப்புக்கு உதவாது, அதைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். மண் உப்புவதற்கும் இறுகுவதற்கும் ஏற்ப மென்பொருள் அளவைப் பெருக்கும் வெட்டு, நிரப்பு காரணிகள் இரண்டும் நாம் மாற்றும் வரை 1.0தான். தரையில் இருக்கும் 1,000 கன மீட்டர், லாரியில் ஏறும்போது 1,250 ஆகி, ரோலர் ஓடி இறுகியபின் 900 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மண்ணில் எந்த எண்ணைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் விடை சொன்னால் தகராறு நிச்சயம். மண்ணுக்கு மண் இந்த எண்கள் மாறும், அதனால் சோதனைச்சாலை முடிவு கையில் இல்லாமல் நான் காரணி போடுவதில்லை, 1.0 என்று வைத்து அதை அறிக்கையிலேயே எழுதிவிடுகிறேன்.

புதிதாகக் கற்பவர்கள் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். தரைச் சர்ஃபேஸைப் பிரதி எடுத்து அப்படியே 1 மீட்டர் உயர்த்தி, அசலோடு ஒப்பிடுங்கள். நிரப்பு கன மீட்டரில் எவ்வளவோ, பரப்பும் சதுர மீட்டரில் அவ்வளவே வர வேண்டும், வெட்டு பூஜ்யம். நிரப்புக்குப் பதில் வெட்டு வந்தால் பேஸும் கம்பாரிசனும் இடம் மாறியிருக்கிறது. அந்தப் பரப்பு மனையின் உண்மையான பரப்பைவிடப் பெரிதாக இருந்தால், பவுண்டரிக்கு வெளியே இன்னும் முக்கோணங்கள் கிடக்கின்றன.