நான்காவது கோடு

முதுகலை ஆய்வுக்காகத் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே ஒரு சர்க்கரை ஆலையில் ஏழு வாரம் இருந்தேன். கண்ட்ரோல் ரூமில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவர்களின் மனச்சுமையை அளப்பது என் வேலை. மகாண்டா ஊரில் இருக்கும் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் எர்கோனாமிக்ஸுக்கு, அதாவது வேலையையும் கருவியையும் மனிதருக்கு ஏற்றபடி அமைக்கும் படிப்புக்கு, ஒரு துறை உண்டு. மதுரையில் உளவியல் முடித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தவள் நான். "அதென்னடி படிப்பு, நாற்காலி உயரம் பார்க்கிறதா?" என்று அம்மா இன்றைக்கும் கேட்பாள். அதுவும் உண்டுதான்.

முதல் பாடமே விமானக் கதை. இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானிகள் தரையிறங்கிய பிறகு, இறக்கை மடல்களை மடக்கப் போய்ச் சக்கரங்களை மடக்கிவிடுவார்களாம். விமானம் ஓடுபாதையிலேயே வயிற்றைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடும். விமானி மேல் பழி. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தால், இரண்டு விசைகளும் அச்சு அசலாக ஒன்றுபோல, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சக்கரத்தின் விசையில் சின்னச் சக்கரமும், மடலின் விசையில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தியதும் அந்தக் குழப்பம் தீர்ந்தது. 1947இல் ஃபிட்ஸும் ஜோன்ஸும் இதே மாதிரி 460 பிழைகளைத் திரட்டி, பலவற்றுக்கும் வேர் கருவியின் அமைப்பில்தான் என்று காட்டினார்கள். இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் நிறைய மதிப்பெண் வாங்கினேன். மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கொண்டுபோனது மனச்சுமையை அளக்கும் நாசா டிஎல்எக்ஸ் படிவம். ஹார்ட், ஸ்டேவ்லேண்ட் இருவரும் 1988இல் வெளியிட்டது. மூளை உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, வேலை எப்படி முடிந்தது, பட்ட பாடு, எரிச்சல் என்று ஆறு கோடுகள். ஷிஃப்ட் முடிந்ததும் ஒவ்வொரு கோட்டிலும் ஓரிடத்தில் குறி போட வேண்டும். அவ்வளவுதான்.

நான்காவது கோடு மட்டும் விசித்திரமாக வந்தது. நல்ல அனுபவசாலிகள்கூட, ஒரு சிக்கலும் இல்லாத ராத்திரிகளில், 'தோல்வி' என்ற முனையை ஒட்டிக் குறி போட்டிருந்தார்கள். தூக்கக் கலக்கத்தில் படிக்காமல் போட்டிருப்பார்கள் என்று முடிவுகட்டினேன். என் குறிப்பேட்டில் அந்தப் படிவங்களுக்கு நேரே 'கவனக்குறைவு' என்று எழுதி, விலக்க வேண்டியவை என்று தனியே கட்டி வைத்தேன். கை கொஞ்சமும் கூசவில்லை.

அந்த ஷிஃப்டில் வயதில் மூத்தவர் ஒரு அங்கிள். டர்பனில் பெரியவர்கள் எல்லாரும் அங்கிள், ஆன்ட்டிதான். பேச்செல்லாம் ஆங்கிலம், 'தண்ணி', 'சோறு', 'வாம்மா' என்று பாட்டி விட்டுப்போன சொற்கள் நடுநடுவே வந்து விழும். 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு இந்தியாவிலிருந்து கரும்பு வெட்டவும் மற்ற கூலி வேலைக்கும் வந்த 152,184 பேரில் அவருடைய கொள்ளுத் தாத்தாவும் ஒருவர். கப்பல் பட்டியலின் நகலை ஒருநாள் கொண்டுவந்து, "எந்த ஊர்னு படிச்சுச் சொல்லும்மா" என்றார். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மூன்று ஊர்ப் பெயர்களோடு ஒத்துப்போனது. எதுவென்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு ராத்திரி டீ குடிக்கும்போது கட்டி வைத்த படிவங்களை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொரு கோடாகத் தடவினார்.

"முதல் மூணுலயும் வலப்பக்கம் போகப் போக அதிகம். நாலாவதுல மட்டும் இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் மோசம். இதை யாரும்மா இப்படிப் போட்டது?"

நூறு தடவை பார்த்த படிவம் அது. கீழே எழுதியிருக்கிறதே, படித்திருக்கலாமே என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவர் எழுந்து பேனலைக் காட்டினார். புதிய பேனலில் பம்ப் ஓடினால் பச்சை. பக்கத்துப் பழைய பேனலில் ஓடினால் சிவப்பு, நின்றால் பச்சை. பல வருஷம் முன்னால் அலாரம் அலறிய அவசரத்தில் ஓடுகிற பம்பை அவர் நிறுத்திவிட்டார். அறிக்கையில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதி, எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்களாம். அந்தக் கடிதம் இன்னும் வீட்டில் இருக்கிறது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு அவர்கள் எழுதிய அதே சொல் என் மடியிலிருந்த குறிப்பேட்டிலும் இருந்தது. டீயைக் குடிக்கிற சாக்கில் அதை மூடினேன்.

மறுநாள் நான்காவது கோட்டை மட்டும் திருப்பிப் போட்டு, நல்லதை வலப்பக்கம் வைத்துப் புதுப் படிவம் அடித்தேன். அளவுகோலை மாற்றினால் பிறருடைய ஆய்வுகளோடு ஒப்பிடுவது சிக்கல் என்று என் பேராசிரியர் முனகினார். அது நியாயமான முனகல்தான். பழைய படிவங்களையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், என்ன நினைத்துக் குறி போட்டீர்கள் என்று கேட்டேன். பெரும்பாலானவர்கள் அடடா என்று தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அதற்குள் 'தோல்வி' என்பதெல்லாம் 'நன்று' என்று எனக்கு நானே திருத்தி வாசிக்கப் பழகிவிட்டேன்.

கடைசியாகப் பான், அதாவது பாகைக் காய்ச்சிச் சர்க்கரைப் படிகமாக்கும் கொப்பரை, பார்க்கும் ஜூலு இளைஞர் ஒருவர். அவர் படிவத்தையும் மனதுக்குள் திருத்திக்கொண்டே நீட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது சரிதான், சிஸ்டர். அன்னிக்கு என் பானில் வேண்டாத பொடிப் படிகம் விழுந்துவிட்டது. முழுசும் கரைத்து மறுபடி காய்ச்சினோம். தோல்வி என்றுதான் போட்டேன்."