முப்பத்தைந்துக்கு ஒரு வழி

பத்தாம் வகுப்புக் கணக்கில் 35 எடுக்க ஒரு வழி உண்டு. வடிவியல் 8, வரைபடம் 8, ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. ஆக 30. அதற்கு மேல் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு போதும். ஜனவரி பிறந்தால் மெல்லக் கற்கும் பிள்ளைகளை உட்காரவைத்து இதைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வேன். முக்கோணவியல் பக்கமே போக மாட்டோம். கணக்கு சொல்லித் தருகிறேனா, சதவீதம் தயாரிக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும்.

எங்கள் பள்ளி கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிப் பக்கம். சுற்றிலும் முந்திரித் தோப்பு. தேர்வு நெருங்கும்போதுதான் கொட்டை பொறுக்கும் காலமும் வரும். ஒரு வருஷம் அப்படி நின்றுபோன இரண்டு பையன்களை வீடு தேடிப் போய், உடற்கல்வி சாரின் பைக்கில் ஏற்றி வந்து எழுதவைத்தோம். 42 பேரில் 37 பேர் தேறினார்கள். தவறிய ஐந்து பேரில் அந்த இரண்டு பேரும் உண்டு. தேர்ச்சி விழுக்காட்டை எழுதியவர்களை வைத்துத்தான் போடுவார்கள். அவர்களைத் தோப்பிலேயே விட்டிருந்தால் எனக்கு 88 இல்லை, 92.5.

மீளாய்வுக் கூட்டத்தில் 90க்குக் கீழே வந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். இருபது வருஷ சர்வீஸுக்குப் பிறகு நின்றேன். வாயைத் திறப்பதற்குள் அடுத்த பள்ளியின் பெயரைப் படித்துவிட்டார்கள். அப்புறம் விளக்கம் கேட்டுக் கடிதம்.

ஆசிரியர்களுக்கு ஆய்வு என்றாலே ஆகாது என்கிறார்கள். சரி, விசிட்டுக்கு முந்தின ராத்திரி பாடக்குறிப்பு எழுதுகிறவர்களும் எங்களில் உண்டுதான். ஆனால் முன்பு ஒரு தலைமையாசிரியர் இருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். கரும்பலகையைப் பார்க்க மாட்டார். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்ப்பார். ஒருநாள் மணியடித்ததும், "டீச்சர், மூணாவது வரியில மைனஸ் எப்படி பிளஸ் ஆச்சுன்னு நீங்க சொல்லவே இல்ல. நாலு நோட்டுல கணக்கு அங்கேயே நின்னுபோச்சு" என்றார். சுருக்கென்றது. மறுநாள் அந்த வரியிலிருந்துதான் தொடங்கினேன். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் கை தானாக நிற்கிறது.

விளக்கக் கடிதத்துக்குப் பதில் எழுத இழுத்தடித்ததும் ஒரு வகையில் நல்லதாயிற்று. அதற்குள் துணைத்தேர்வு முடிவு வந்தது. அந்த இருவரில் ஒருவன் 41. அனுப்ப வேண்டிய படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. அவனுடைய மதிப்பெண் பட்டியலை நகலெடுத்து, பதிலோடு சேர்த்துப் பின் அடித்து அனுப்பினேன்.